உள்ளீடற்ற உடல் கொண்ட ஃப்ரெட்லெஸ் பேஸ் கிதார்: வாசிப்பும் மதிப்பீடும்

ஃப்ரெட்லெஸ் பேஸ் கிதார் என்பது விரல்பலகையில் ஃப்ரெட் எனப்படும் உலோக மெட்டுகள் இல்லாத பேஸ் கிதார். பெரும்பாலான பேஸ் கிதார்களின் உடல் முழுமரத்தால் ஆனது. சிலவற்றில் உடல் உள்ளே குடையப்பட்டோ, மெல்லிய பலகைகளால் கூடாகக் கட்டப்பட்டோ இருக்கும். இவ்விரு இயல்புகளும் சேர்ந்த கருவியே இங்கு பேசப்படுவது. இதை வாங்க வருபவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றை எதிர்பார்க்கிறார்கள்: தோளில் மாட்டிக்கொள்ளக்கூடிய டபுள் பேஸ், அல்லது ஜாக்கோ பஸ்டோரியஸின் ஒலி. இரண்டுமே இக்கருவிக்குப் பொருந்தாத அளவுகோல்கள். அவற்றைக் கொண்டு அளப்பதால் இதன் உண்மையான சிறப்பும் உண்மையான குறையும் கவனிக்கப்படாமல் போகின்றன.

பின்னணி

லியோ ஃபெண்டர் 1951-ல் வெளியிட்ட மின் பேஸுக்கு 'பிரிசிஷன்', அதாவது துல்லியம், என்று பெயர். ஃப்ரெட்கள் இருப்பதால் சுரம் பிசகாது என்பதே அப்பெயரின் பொருள். உள்ளீடற்ற உடலும் ஃப்ரெட் இல்லாத விரல்பலகையும் அதன்பின் தனித்தனி வழிகளில் வந்தன. ஜெர்மனியின் ஹாஃப்னர் நிறுவனம் 1956-ல் வயலின் வடிவ 500/1 பேஸை வெளியிட்டது. 1961-ல் ஹாம்பர்க்கில் பால் மெக்கார்ட்னி வாங்கியது அவ்வகையைத்தான். கிப்சனின் ஈபி-2 1958-ல் வந்தது. இவற்றின் உடல் உள்ளீடற்றது, ஆனால் விரல்பலகையில் ஃப்ரெட்கள் உண்டு.

பில் வைமன் 1961-ல் தன் மலிவான பேஸின் ஃப்ரெட்களைப் பிடுங்கி வாசித்தார். தொழிற்சாலையில் செய்யப்பட்ட முதல் ஃப்ரெட்லெஸ் பேஸ், 1966-ல் ஆம்பெக் வெளியிட்ட ஏயூபி-1. அதன் உடலில் வயலினில் இருப்பதுபோன்ற வளைந்த துளைகள் முன்னிருந்து பின்வரை ஊடுருவிச் சென்றன. தலைப்பகுதி சுருளாக இருந்தது. ஆனால் உடல் கூடு அல்ல. டபுள் பேஸின் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்ட கருவி அது. ஃபெண்டர் 1970-ல் ஃப்ரெட்லெஸ் பிரிசிஷனை வெளியிட்டது. உள்ளீடற்ற உடலும் ஃப்ரெட்லெஸ் விரல்பலகையும் ஒன்றுசேர்ந்த கருவிகள் பின்னர் பரவின. கனடாவின் கோடின் நிறுவனத்தின் ஏ4, கலிஃபோர்னியாவின் ராப் ஆலன் செய்யும் பேஸ்கள் ஆகியவை இவ்வகையில் அறியப்பட்டவை.

பொருந்தாத இரண்டு அளவுகோல்கள்

டபுள் பேஸும் பேஸ் கிதாரும் ஒரே சுரங்களுக்குச் சுருதி சேர்க்கப்படுபவை. ஒப்புமை ஏறக்குறைய அங்கேயே முடிகிறது. டபுள் பேஸின் அதிரும் தந்தி நீளம் ஏறத்தாழ 105 செ.மீ. பேஸ் கிதாரில் அது பொதுவாக 86.4 செ.மீ., குட்டை வகையில் 76.2 செ.மீ. டபுள் பேஸின் விரல்பலகையும் குதிரையும் நன்கு வளைந்தவை. ஆகவே வில்லால் ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியே இழைக்க முடியும். பேஸ் கிதாரின் விரல்பலகை ஏறத்தாழத் தட்டையானது. காற்றறையின் அளவிலும் இரண்டுக்கும் ஒப்பே இல்லை. 41 ஹெர்ட்ஸ் அளவிலான கீழ் சுரத்தைக் காற்றில் தாங்கி எழுப்ப கிதார் உடலின் சிறிய கூடு போதாது.

ஜாக்கோவின் கருவியோ கூடே இல்லாதது. அவர் வாசித்தது ஃப்ரெட்கள் அகற்றப்பட்டு, விரல்பலகையில் எபாக்சி பூசப்பட்ட 1962 ஃபெண்டர் ஜாஸ் பேஸ். முழுமர உடலின் நீண்ட கார்வையும், கடினப் பூச்சின் மீது உலோகத் தந்தி உரசும் ஒலியும் சேர்ந்ததே அந்த நாதம். 1976-ல் வெளியான அவரது முதல் தொகுப்பில் உள்ள 'கன்டினுவம்' இரண்டு முறை வாசித்து ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிவு செய்யப்பட்டது. அதைக் கேட்டுவிட்டு உள்ளீடற்ற பேஸை எடுப்பவருக்கு ஏமாற்றமே கிடைக்கும். அந்த ஏமாற்றத்துக்குக் கருவி பொறுப்பல்ல.

ஒலியின் இயல்பு

முழுமர உடல் தந்தியின் அதிர்வை அதிகம் வாங்குவதில்லை. அதனால் கார்வை நீள்கிறது. மெல்லிய மேற்பலகை அதிர்வின் ஒரு பகுதியை வாங்கி ஒலியாகச் செலவிட்டுவிடுகிறது. அதனால் உள்ளீடற்ற பேஸில் சுரம் உடனே மலர்ந்து விரைவில் தணிகிறது. மெதுவான பாடல்களில் இது குறை. பாடகரின் சொற்களுக்கு இடையே வெளி வேண்டிய இடங்களில் இதுவே நிறை.

ஃப்ரெட்லெஸ் பேஸுக்கே உரிய இழையும் ஒலி, தந்தி விரல்பலகையை மிகச்சிறு கோணத்தில் உரசுவதால் வருகிறது. தம்புராவின் குதிரையில் ஜீவா நூலை நகர்த்தினால் மேற்சுரங்கள் திறந்துகொள்வதும் இதே தத்துவம்தான். தட்டையாகச் சுற்றிய தந்திகளோ நைலான் உறையிட்ட தந்திகளோ கட்டினால் இவ்வொலி மென்மையாகும், விரல்பலகையும் தேயாது. வட்டக்கம்பி சுற்றிய தந்திகள் ஒலியைக் கூர்மையாக்கும், மரத்தை அரிக்கும்.

பல உள்ளீடற்ற பேஸ்களில் குதிரைக்கு அடியில் பீசோ பிக்கப் இருக்கும். அது தந்தியின் அதிர்வோடு விரல் தட்டும் ஓசையையும் உடலில் கை உரசும் ஓசையையும் சேர்த்தே கடத்தும். வலக்கையின் ஒழுங்கின்மை இதில் ஒளிந்துகொள்ள முடியாது.

வாசிப்பு

86.4 செ.மீ. நீளத்தில் முதல் அரைச்சுரத்தின் இடைவெளி ஏறத்தாழ 48 மி.மீ. ஒரு ஸ்தாயி மேலே அது 24 மி.மீ. ஆகிவிடும். ஓர் அரைச்சுரத்தை 100 சென்ட் என்று பிரித்தால், கீழ்ப்பகுதியில் 1 மி.மீ. பிசகு ஏறத்தாழ 2 சென்ட், ஒரு ஸ்தாயி மேலே 4 சென்ட். ஃப்ரெட் உள்ள கருவியில் விரல் ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுத்தும். இங்கே ஃப்ரெட் இருந்திருக்கக்கூடிய கோட்டின் மேலேயே விரல்நுனி அமர வேண்டும். பழக்கம் மாறாதவரின் சுரங்கள் எல்லாம் சற்றுத் தாழ்ந்தே ஒலிக்கும்.

வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிறக்கிறது. இழுத்தால் சுரம் ஏறத்தான் முடியும். ஃப்ரெட்லெஸ் பேஸில் விரலைத் தந்தியின் நீளவாக்கில் உருட்டினால் சுரம் மேலும் கீழும் அசையும். சித்திரவீணையின் வழுக்கலுக்கே இது நெருக்கமானது. ஆனால் கர்நாடக இசையில் கமகத்துக்கு இலக்கணம் உண்டு. எந்தச் சுரம் அசையும், எது அசையாது என்பதை ராகம் தீர்மானிக்கிறது. ஃப்ரெட்லெஸ் பேஸ் பயில்பவர்களில் பலர் சுரத்தைத் தேடுவதற்காக வழுக்குகிறார்கள். அந்தத் தேடலே பாணியாகப் பாராட்டப்படுவதும் உண்டு. சுரத்தில் நேராக இறங்கி நிற்கத் தெரிந்தவரின் வழுக்கலுக்கே பொருள் இருக்கும். கார்வை குறைந்த உள்ளீடற்ற பேஸ் இதில் கண்டிப்பானது. தவறிய சுரத்தை நகர்த்திச் சரிசெய்யும் முன் ஒலி தணிந்துவிடும்.

மதிப்பிடும் முறை

இக்கருவியை மின்னிணைப்பின்றி அறையில் வாசித்துப் பார்த்து முடிவெடுப்பது பொதுவான பழக்கம். கூட்டிலிருந்து வரும் அந்த இனிய ஒலி அப்படியே பிக்கப் வழியே வருவதில்லை. ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, மேடை அளவுக்கு ஒலியைக் கூட்டி, அதன் அருகில் நின்று வாசித்துப் பார்க்க வேண்டும். கூடு தன் அதிர்வெண்ணுக்கு இசைந்த சுரத்தில் ஊளையிடத் தொடங்கும் இடம் அப்போதுதான் தெரியும்.

பின்வருவனவும் சோதிக்கத்தக்கவை:

- ஒவ்வொரு தந்தியிலும் அரைச்சுரம் அரைச்சுரமாக ஏறி, எந்தச் சுரமாவது மற்றவற்றைவிட வீங்கியோ அமுங்கியோ ஒலிக்கிறதா என்று கேட்பது.
- பக்கவாட்டுப் புள்ளிகள் சுர இடத்திலேயே உள்ளனவா, ஃப்ரெட் கிதாரில்போல இரு சுரங்களுக்கு இடையே உள்ளனவா என்று பார்ப்பது.
- திறந்த தந்தியை ஒலிக்கவிட்டு, அதன்மேல் ஐந்தாம் சுரத்தையும் மேல் ஸ்தாயியையும் அசைவின்றி நிறுத்திப் பார்ப்பது.
- தோளில் மாட்டிக் கையை விடுவது. உடல் எடை குறைந்த கருவிகளில் கழுத்து கீழே சாயலாம்.
- டிரம்ஸின் கிக் ஒலியுடன் சேர்த்துக் கேட்பது. தனியே இனிமையாக இருக்கும் அடிநாதம் கூட்டிசையில் கலங்கிவிடக்கூடும்.

மதிப்பு

உரத்த மேடைக்கும் வேகமான தாளக்கட்டுக்கும் உள்ளீடற்ற ஃப்ரெட்லெஸ் பேஸ் ஏற்றதல்ல. அங்கே முழுமரக் கருவியே நம்பகமானது. வில்லிசை தேவைப்படும் இடத்தில் டபுள் பேஸுக்கு மாற்று இல்லை. குரல், ஒலிக்கிதார், பியானோ போன்றவற்றுடன் தாழ்ந்த ஒலியளவில் நிகழும் இசையில் இது தன் இடத்தைப் பெறுகிறது. தெளிவான தொடக்கமும் விரைவான தணிவும் கொண்ட அடிச்சுரம் அங்கே பாடலைத் தாங்குகிறது, ஆனால் மூடுவதில்லை. பயிலும் மாணவருக்கு இன்னொரு பயனும் உண்டு. சுருதிக்கான பொறுப்பு முழுவதும் அவருடைய செவிக்கு வந்துவிடுகிறது. நாள்தோறும் சுருதிப்பெட்டியுடன் பத்து நிமிடம் நீண்ட சுரங்களை அசைவின்றி வாசித்து வந்தால், கருவி தரமானதா என்று தீர்மானிக்கும் தகுதி பிறர் சொல்லாமலே வாசிப்பவருக்குக் கிட்டும்.