வெட்டியெடுத்த உறுப்பும் கைக்கு வராத அறிக்கையும்

குடல்வால் அழற்சிக்கும் பித்தக்கல்லுக்கும் செய்யப்படும் அறுவைகள் இன்று வெகு சாதாரணம். வெட்டியெடுத்த உறுப்பு ஃபார்மலின் குப்பியில் நோயியல் ஆய்வகத்துக்குப் போகும்; எப்போதாவது அதில் யாரும் எதிர்பாராத ஒரு கட்டி இருக்கும். குடல்வால்களில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே நியூரோஎண்டோகிரைன் கட்டி தென்படுகிறது. பித்தப்பைப் புற்றும் பெரும்பாலான இடங்களில் அபூர்வம்தான். இவ்வளவு அரிதான ஒன்றுக்காக எல்லா உறுப்புகளையும் சோதிக்க வேண்டுமா என்ற கேள்வி எழுவது இயல்பு. பித்தப்பையைப் பொறுத்தவரை, அறுவை மருத்துவருக்குச் சந்தேகம் வந்தால் மட்டும் அனுப்பினால் போதும் என்ற கொள்கை நெதர்லாந்தில் வேரூன்றியிருக்கிறது. நம் நாட்டில் எல்லாவற்றையும் சோதிக்கும் வழக்கமே தொடர வேண்டும் என்பது என் முடிவு. அதன் பெரிய குறைகள் சோதனைக்குப் பிறகுதான் தொடங்குகின்றன.

வழக்கத்தின் பலம் எளிதில் விளங்கும்: இந்தக் கட்டிகளைக் கண்ணால் பிடிப்பது கடினம். குடல்வாலின் நியூரோஎண்டோகிரைன் கட்டி பெரும்பாலும் நுனியில் ஒளிந்திருக்கிறது. நுனியை நீளவாக்கில் பிளந்தால்தான் மஞ்சள் நிறத்தில் கெட்டியான சிறு மணிபோல அது தெரியும். பித்தப்பையிலோ நாள்பட்ட அழற்சியால் தடித்த சுவரும் புற்றால் தடித்த சுவரும் ஒன்றுபோலவே தோன்றும். அந்த வேறுபாட்டில்தான் சிகிச்சையே அடங்கியிருக்கிறது. புற்று உட்சவ்வோடு நின்றிருந்தால் பித்தப்பையை எடுத்ததே போதும். தசையடுக்கில் இறங்கியிருந்தால், பித்தப்பையை ஒட்டிய கல்லீரல் பகுதியையும் நிணநீர்க் கணுக்களையும் அகற்றும் இரண்டாம் அறுவை தேவைப்படும். உலகிலேயே பித்தப்பைப் புற்று மிகுந்த பகுதிகளுள் ஒன்றான கங்கைச் சமவெளியில் இந்தச் சோதனையைத் தவிர்ப்பது ஆபத்து. குடல்வாலைப் பற்றிய பின்லாந்து ஆய்வு ஒன்றும் இதையே உணர்த்துகிறது. குடல்வாலைச் சுற்றிச் சீழ்க்கட்டி வந்து, அறுவையின்றித் தேறிய 60 பேரை அது கண்காணித்தது. அவர்களில் 12 பேரின் குடல்வாலில் கட்டி இருந்தது தெரியவந்தது. அனைவரும் 40 வயதைக் கடந்தவர்கள். ஆய்வைத் தொடர்வது முறையல்ல என்று இடையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

நோயியல் நிபுணர்கள் குறைவு, ஆயிரக்கணக்கான சாதாரண உறுப்புகளைப் பார்ப்பதில் அவர்கள் நேரம் வீணாகிறது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் சந்தேகப்பட்டதை மட்டும் அனுப்பும் முறைக்கு ஒரு முன்நிபந்தனை இருக்கிறது. அறுவை முடிந்ததும் மருத்துவர் ஒவ்வொரு பித்தப்பையையும் திறந்து, பித்தநீரைக் கழுவி, உட்சவ்வை வெளிச்சத்தில் பார்த்து, விரலால் தடவிப் பதிவு செய்ய வேண்டும். அடுத்த நோயாளி காத்திருக்கும் அறுவை அரங்கில் இந்த ஒழுங்கு எல்லா ஊர்களிலும் கடைப்பிடிக்கப்படும் என்று நம்பி ஒரு கொள்கையை வகுக்க முடியாது. புற்று அரிதான நாட்டில் சரியாக வரும் கணக்கு, அது மிகுந்த பகுதிக்குப் பொருந்தாது.

இன்னொரு எதிர்வாதம் கனமானது: கண்டுபிடிப்பே தீங்காகலாம். 1907-இல் ஜெர்மானிய நோயியலாளர் சீக்ஃப்ரீட் ஓபர்ன்டார்ஃபர் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளுக்குக் ‘கார்சினாய்டு’ என்று பெயர் வைத்ததே, அவை புற்றைப்போல இருந்தும் மெல்ல வளர்வதைக் கண்டுதான். 1 சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டிக்குக் குடல்வாலை எடுத்ததே பொதுவாகப் போதும். 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் பெருங்குடலின் வலப்பகுதியை அகற்றுவது வழக்கம். இடைப்பட்ட அளவுக்கும் பலருக்கு அந்தப் பெரிய அறுவை நடந்தது. 15 ஐரோப்பிய நாடுகளின் 40 மருத்துவமனைப் பதிவுகளை அலசி 2023-இல் வெளியான ஆய்வு, அதனால் நோயாளிகளின் ஆயுள் கூடவில்லை என்று காட்டியது. ஆகவே இந்த வாதத்தின் பாதியை ஏற்கிறேன். மிகைச் சிகிச்சை நடந்தது உண்மை. அதைத் திருத்தியதும் சோதனைகளால் சேர்ந்த பதிவுகள்தான். பார்க்காமலே விட்டிருந்தால், எந்தக் கட்டியை விட்டுவிடலாம் என்பதும் தெரிந்திருக்காது.

மன்னிக்க முடியாத குறை வேறொன்று. அறிக்கை வருவதற்குள் நோயாளி வீடு போய்விடுகிறார். தையல் பிரித்ததும் கதை முடிந்தது என்று நினைக்கிறார். அறிக்கை கோப்பிலேயே தங்கிவிட்டால், தசையடுக்கில் இறங்கிய புற்று மஞ்சள் காமாலையாக வெளிப்படும்போது காலம் கடந்திருக்கும். எனவே உறுப்பு சோதனைக்குப் போகிறது என்பதை ஒப்புதல் படிவத்திலேயே சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் தாளில் ‘முடிவு வரவேண்டியுள்ளது’ என்று எழுத வேண்டும். முடிவைத் தெரிவிக்கும் பொறுப்பை ஒருவர் பெயரில் குறிக்க வேண்டும். கட்டி என்று வந்தால், அடுத்த அறுவையை ஒருவர் தனியே முடிவு செய்யாமல் அறுவை, புற்றுநோய், நோயியல் மருத்துவர்கள் சேர்ந்து பேச வேண்டும். இவற்றுக்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். நோயாளியிடம் சேராத முடிவால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. அதைச் சேர்ப்பதும் சிகிச்சையின் பகுதிதான்.