எலிக்கு ஐந்து சென்ட்: மானிய ஆராய்ச்சியின் பலனை எப்படி அளப்பது?

மருந்தில்லாத எலி ஒழிப்பு பற்றித் தேடினால் இருளர்கள் வந்துவிடுவார்கள். கூடவே ஒரு எண்ணும் வரும். 1980களில் ஆக்ஸ்பாம் மானியத்தில், இருளர்கள் எலி பிடிப்பதையும் எலிமருந்தையும் ஒப்பிட்டு ஒரு சோதனை நடந்தது. அதிலிருந்து இன்றுவரை சுற்றிவரும் வரி இதுதான்: இருளர் பிடித்தால் ஒரு எலிக்கு 5 அமெரிக்க சென்ட், மருந்து என்றால் அதைப்போல் பத்து மடங்கு.

சோதனை நல்ல சோதனையாகவே இருக்கட்டும். என் புகார் அந்த அளவுகோல் மீது. "ஒரு எலிக்கு இவ்வளவு செலவு" என்பது எதை அளக்கிறது?

கொஞ்சம் கணக்கு போடுவோம். 1980களின் பிற்பகுதியில் டாலர் சுமார் 13 ரூபாய். அப்போ 5 சென்ட் என்பது 65 பைசா. ஒருவர் நாள் முழுக்க வளை தோண்டி இருபது எலி பிடித்தார்னு வச்சுக்கங்க. அந்த 65 பைசாவும் முழுசாக அவர் கைக்கே போனாலும் 13 ரூபாய். கைவேலையில் செலவு என்பது பெரும்பாலும் கூலிதான். அதாவது நாம் "சிக்கனம்" என்று பாராட்டும் எண், பிடிப்பவரின் வருமானம். அவருக்குக் கூலி கூடினால் இந்த அளவுகோலில் திட்டம் மோசமாகிவிட்டதாகத் தெரியும். அவருக்காகவே கொடுத்த மானியத்தை இப்படி அளந்தால் எப்படி?

இன்னொரு பக்கம், விவசாயிக்கு என்ன கிடைத்தது? செத்த எலிகளின் எண்ணிக்கை அவருக்குப் பலன் இல்லை. வீட்டுக்கு வந்த நெல் மூட்டைதான் பலன். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி பக்கத்து வயல்களை எடுத்துக்கொள்ளுங்கள். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம் மாறி மாறி நெல் வரும். நெல் தொண்டைக்கதிர் விடும் சமயத்தை ஒட்டித்தான் கரம்பை எலி இனப்பெருக்கத்தில் இறங்கும். அதற்கு முன் பிடிக்கும் ஒரு பெண் எலி பின்னால் வரப்போகும் பல குட்டிகளுக்குச் சமம். அறுவடைக்குப் பிறகு பிடிக்கும் எலி ஏற்கெனவே தின்று முடித்த எலி. "மொத்தம் இத்தனை எலி" என்ற கணக்கில் இரண்டும் ஒன்று.

பிரச்சினை இங்கேதான் சிக்கலாகிறது. பிடிப்பவருக்கு லாபம் அறுவடை சமயத்தில். வளைக்குள் எலி சேர்த்து வைத்த நெல்லும் அவருக்குக் கிடைக்கும், எலிக்கறியும் கிடைக்கும். பயிருக்கு நல்லது முன்கூட்டியே பிடிப்பது. ஆனால் அப்போது வளையில் நெல் இருக்காது. ஆக, சரியான நேரத்தில் பிடிக்க வைக்க அவருக்குக் கூடுதல் கூலி தரவேண்டும். யார் தருவது, எவ்வளவு? மானியம் போட்டு ஆராயவேண்டிய கேள்வியே இதுதான். எலிக்கணக்கில் இது தென்படாது.

தலை எண்ணிக் காசு கொடுத்தால் என்னவாகும் என்பதற்கு 1902ல் ஹனோய் நகரமே சாட்சி. பிரெஞ்சு நிர்வாகம் எலிவாலுக்குக் காசு அறிவித்தது. வாலை நறுக்கிவிட்டு எலியை ஓடவிட்டார்கள், சிலர் எலி வளர்க்கவே ஆரம்பித்தார்கள். வால் எண்ணிக்கை ஏறியது, எலி குறையவில்லை.

நம் அரசு ஆராய்ச்சியில் இதைவிட நல்ல முறை உண்டு. ஐ.சி.ஏ.ஆர். 1977ல் எலிக் கட்டுப்பாட்டுக்கென அகில இந்திய ஒருங்கிணைந்த திட்டத்தைத் தொடங்கியது, ஜோத்பூரிலிருந்து ஒருங்கிணைத்தார்கள். இந்த மாதிரி ஆய்வுகளில் வளைகளை மண்ணால் மூடி, மறுநாள் எத்தனை திறந்திருக்கிறது என்று எண்ணுவார்கள். திறந்தது உயிர்வளை. மருந்து வைக்கும் முன் ஒரு கணக்கு, பின் ஒரு கணக்கு.

இதிலும் ஒரு ஓட்டை வரலாம். உதாரணத்துக்கு, 100 உயிர்வளை 20 ஆனால் 80 சதவீத வெற்றி என்று எழுதிவிடலாம். பக்கத்தில் எதுவுமே செய்யாத வயலில் 90 வளை தானாகவே 45 ஆகியிருந்தால்? அறுவடை, தண்ணீர் பாய்ச்சல் எல்லாம் எலியை நகர்த்தும். அந்த வயலைச் சேர்த்துப் பார்த்தால் நம் வயலிலும் சும்மா விட்டாலே 50 ஆகியிருக்கும். 20 ஆனது என்றால் உண்மை வெற்றி 60 சதவீதம். சாப்ட்வேரில் ஏ/பி டெஸ்ட் என்று சொல்வது இதைத்தான். ஒப்பீட்டு வயல் இல்லாத அறிக்கையில் வரும் சதவீதத்தை நான் நம்புவதில்லை.

2003ல் உலக வங்கியின் டெவலப்மென்ட் மார்க்கெட்பிளேஸ் போட்டியில் இருளர்களுக்கான எலி பிடிக்கும் கருவி ஒன்றுக்கு நிதி கிடைத்தது. மண்பானையில் வைக்கோல் புகையை வாயால் ஊதி வளைக்குள் செலுத்தும்போது உதடும் கையும் வெந்துபோகும், நுரையீரல் கெடும். அதற்குப் பதில் கையால் சுற்றும் எஃகுக் கருவி. இதில் எனக்குப் பிடித்தது, கேள்வி எலியிலிருந்து மனிதருக்கு மாறியது. ஆனால் இப்படிப்பட்ட கருவிக்குச் சரியான அளவு, எத்தனை கொடுத்தோம் என்பது அல்ல. ஐந்து வருடம் கழித்து எத்தனை ஓடுகிறது, உடைந்தால் யார் பழுது பார்க்கிறார்கள், இருமல் குறைந்ததா என்பதுதான்.

இப்படித் திரும்பிப் போய்ப் பார்ப்பது முடியாத காரியமில்லை. ஆஸ்திரேலியாவின் ஏ.சி.ஐ.ஏ.ஆர். நிறுவனம், திட்டம் முடிந்து மூன்று நான்கு வருடம் கழித்து, யார் இன்னும் பயன்படுத்துகிறார்கள் என்று ஆய்வு செய்யும் வழக்கம் வைத்திருக்கிறது. வியட்நாம், இந்தோனேஷியா எலித் திட்டங்களில் கிராமத்தைக் கிராமத்தோடு ஒப்பிட்டு விளைச்சலையும் பார்த்தார்கள். இங்கே பல மானியங்களுக்கு யுட்டிலைசேஷன் சர்டிபிகேட் கொடுத்தால் ஃபைல் மூடிவிடும். அது பணம் செலவானதற்குச் சான்று, எலி குறைந்ததற்கு அல்ல.

திருவள்ளூர் மாவட்டத்தில் நாளைக்கே ஒரு எலித் திட்டத்துக்கு மானியம் வந்தால், அறிக்கையில் நான் தேடுவது நாலே எண்கள். ஒப்பீட்டு வயலைவிட ஏக்கருக்கு எவ்வளவு நெல் கூடியது. அடுத்த பட்டத்தில் உயிர்வளை எத்தனை. எலிமருந்து வாங்குவது எவ்வளவு குறைந்தது; மருந்து வைத்த வயலில் பிடித்த எலியைத் தின்பதும் ஆபத்து என்பதால் இது இருளர் வீட்டு அடுப்பைத் தொடும் எண். கடைசியாக, பிடிப்பவருக்கு நாளொன்றுக்குக் கிடைத்தது எவ்வளவு, வளை நெல்லையும் சேர்த்து. இந்தக் கடைசி எண்ணைச் செலவுப் பத்தியிலிருந்து எடுத்துப் பலன் பத்தியில் எழுதவேண்டும்.