செம்புச் சுரங்க நகரங்களும் இடப்பெயர்வு ஆய்வுகளும்: ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

ஆப்பிரிக்க நகரங்களைப் பற்றிய சமூக அறிவியல் ஆய்வுகளில் ஸாம்பியாவின் செம்புச் சுரங்க வட்டாரம் பெற்ற இடத்தைப் பிற வட்டாரங்கள் எளிதில் பெற்றதில்லை. 1920களின் இறுதியில் காடாக இருந்த நிலத்தில் லுவான்ஷ்யா, கிட்வே, முஃபுலிரா, சிங்கோலா முதலிய நகரங்கள் சில ஆண்டுகளுக்குள் எழுந்தன. பல நூறு கல் தொலைவிலிருந்து பல மொழி பேசுவோர் அங்கு வேலை தேடி வந்தனர். அவர்கள் யார், எத்தனை காலம் தங்குவார்கள், நகரத்தார் ஆவார்களா, ஊர் திரும்புவார்களா என்னும் வினாக்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மானிடவியலார், வரலாற்றாளர், மக்கள்தொகை அறிஞர், மொழியியலார் ஆகியோரை ஈர்த்து வந்துள்ளன.

இவ்வாய்வுகள் பல்துறை ஆய்வுக்கு முன்மாதிரி எனப் பாராட்டப்படுவது வழக்கம். ஒரே ஊரைப் பல துறையினர் ஆராய்ந்தனர் என்பதால் மட்டும் ஓர் ஆய்வு பல்துறை ஆய்வாகிவிடுமா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஒரு துறையின் சான்று பிறிதொரு துறையின் முடிவை மாற்றும் ஆற்றல் பெறும்போதே பல்துறைத் தன்மை உண்மையாகிறது. இவ்வளவுகோலைக் கொண்டு செம்புச் சுரங்க ஆய்வுகளை மதிப்பிடுவதும், அவற்றில் மொழிச் சான்று பெற்ற இடத்தைக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கம் ஆகும்.

2. தொடக்க ஆய்வுகள்

இவ்வாய்வு மரபின் தாயகம் வட ரொடீசியாவில் 1937இல் நிறுவப்பட்ட ரோட்ஸ்-லிவிங்ஸ்டன் நிறுவனம். அதன் முதல் இயக்குநரான காட்ஃப்ரி வில்சன், புரோக்கன் ஹில் என அப்போது வழங்கிய கப்வே நகரின் தொழிலாளரை ஆராய்ந்து, 1941, 1942 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாகத் தம் ஆய்வை வெளியிட்டார். தொழிலாளர் ஊருக்கும் நகருக்கும் இடையே அலைவதை இனக்குழுப் பழக்கத்தின் எச்சமாக அவர் கொள்ளவில்லை. உலகச் சந்தையோடு பிணைந்த பொருளாதாரத்தில் ஏற்பட்ட சமனின்மையின் விளைவாகவே அதனை விளக்கினார். குடும்பத்துடன் வாழப் போதிய கூலியும் வீடும் இல்லாத இடத்தில் மனிதன் நிலையாகத் தங்க இயலாது என்பது அவர் கண்ட உண்மை. சுரங்கக் குடியிருப்பில் ஆய்வு நடத்த அவருக்கு வழங்கப்பட்ட அனுமதி பின்னர் விலக்கப்பட்டது. 1941இல் அவர் பதவி விலகினார்.

அவருக்குப்பின் பொறுப்பேற்ற மாக்ஸ் கிளக்மன் வினாவையே திருப்பி அமைத்தார். நகரில் வாழும் ஆப்பிரிக்கரின் நடத்தையை அவர்களுடைய ஊர் மரபிலிருந்து தொடங்கி விளக்குதல் தவறு. நகரின் தொழில் அமைப்பிலிருந்தே தொடங்குதல் வேண்டும் என்றார். இன்று எளிதாகத் தோன்றும் இக்கருத்து அன்றைய நிலையில் துணிவானது. ஆப்பிரிக்கர் நகருக்கு விருந்தினர், அவருடைய வீடு ஊரில் உள்ளது என்பதே ஆட்சியின் கொள்கையாக இருந்தது. நகர வீடு வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. வேலை போனால் வீடும் போகும். 'பெயர்ந்து வந்தவர்' என்னும் சொல் ஒருவர் முதுமையில் எங்கே படுத்துறங்கலாம் என்பதையும் முடிவு செய்தது.

கிளக்மனின் மான்செஸ்டர் மாணவர்களுள் ஒருவரான ஸ்கார்லெட் எப்ஸ்டைன் மைசூர் மாநிலத்து மண்டியா வட்டாரச் சிற்றூர்களை ஆராய்ந்து 1962இல் நூல் வெளியிட்டார். அவர் கணவர் ஏ. எல். எப்ஸ்டைன் செம்புச் சுரங்க ஆய்வாளருள் முதன்மையானவர். பாசனம் கண்ட கன்னடச் சிற்றூரையும் சுரங்கம் கண்ட ஆப்பிரிக்க நகரையும் ஒரே ஆய்வு மரபு நோக்கியது என்பது இந்திய வாசகர் கருதத்தக்க செய்தி.

3. கலேலாவும் தொழிற்சங்கமும்

ஜே. கிளைட் மிட்செல் 1956இல் வெளியிட்ட 'கலேலா நடனம்' என்னும் சிறுநூல் இம்மரபின் சிறந்த படைப்பு எனலாம். லுவான்ஷ்யாவில் பிசா இளைஞர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடிய நடனம் அது. எண்ணெய்ப் பீப்பாய்களின்மேல் மாட்டுத்தோல் போர்த்திய முரசுகள். மடிப்புக் கலையாத கால்சட்டை, மெருகேற்றிய காலணி அணிந்த ஆடவர். அவர்களிடையே 'அரசர்', 'மருத்துவர்', வெள்ளுடை அணிந்து கண்ணாடியும் கைக்குட்டையும் ஏந்திவரும் 'செவிலி' ஆகிய வேடங்கள். பாடல்களோ தம் தலைவரையும் தம் நிலத்தையும் புகழ்ந்து, பிற இனக்குழுவினரை நகையாடுகின்றன. இனக்குழு நடனம் எனப்படும் ஒன்றில் இனக்குழு உடையோ பழைய சடங்கோ இல்லை.

இம்முரண்பாட்டிலிருந்து மிட்செல் பெற்ற முடிவு இன்றும் வலிமை குன்றாதது. ஊரில் இனக்குழு என்பது நிலமும் தலைவனும் உறவுமுறையும் கொண்ட அமைப்பு. நகரிலோ அது அறிமுகமற்ற கூட்டத்தில் ஒருவரை இன்னார் என வகைப்படுத்த உதவும் பெயர். பெயர் ஒன்றே, பொருள் வேறு.

எப்ஸ்டைன் 1958இல் வெளியிட்ட நூல் இம்முடிவை அரசியல் களத்தில் நிறுவியது. சுரங்க நிர்வாகம் இனக்குழு மூத்தோரைத் தொழிலாளரின் பேராளராக அமர்த்தியிருந்தது. 1935ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது லுவான்ஷ்யாவில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர் உயிரிழந்தனர். அந்நெருக்கடியில் மூத்தோரின் சொல் எடுபடவில்லை. 1949இல் ஆப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1953இல் தொழிலாளர் வாக்களித்து மூத்தோர் முறையையே நீக்கினர். ஆயினும் சங்கத்தின் உட்பூசல்களில் இனக்குழு வேறுபாடு மீண்டும் தலைகாட்டியதையும் எப்ஸ்டைன் மறைக்காமல் பதிவு செய்தார். தம் முடிவுக்கு இடையூறான செய்தியையும் விடாமல் எழுதிய இந்நேர்மையே அந்நூலைக் காலம் கடந்து நிற்கச் செய்கிறது.

4. மறுப்புகளும் திருத்தங்களும்

ஸாம்பியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தென்னாப்பிரிக்கச் சமூகவியலார் பெர்னார்ட் மகுபானே 1971இல் இம்மரபைக் கடுமையாகத் தாக்கினார். உடை, தொழில் மதிப்பு ஆகியவற்றை மேலைமயமாதலின் அளவுகோலாகக் கொண்ட ஆய்வாளர், அவ்வுடையை விரும்பத்தக்கதாக்கிய குடியேற்ற ஆதிக்கத்தை ஆராயாது விட்டனர் என்பது அவர் வாதம். மிட்செலைப் பொறுத்தவரை இவ்வாதம் பெரிதும் பொருந்துகிறது. மெருகேற்றிய காலணியை மதிப்பின் அடையாளமாகக் கண்ட அவர், நிறவேறுபாட்டுச் சட்டத்தை நடனத்தின் பின்புலமாக மட்டும் விட்டுவிட்டார். வில்சனுக்கோ எப்ஸ்டைனுக்கோ இவ்வாதத்தை முழுமையாகப் பொருத்துதல் முறையன்று.

பெண்கள் பற்றிய குறையை வரலாற்றாளர் நிறைவு செய்தனர். ஜார்ஜ் சான்சி 1981இலும், ஜேன் பார்ப்பார்ட் அதனைத் தொடர்ந்தும் எழுதிய கட்டுரைகள், சுரங்க நிறுவனங்கள் தொடக்கக் காலம் முதலே பெண்களைக் குடியிருப்பில் அனுமதித்ததைக் காட்டின. உணவு பயிரிட்டும் சமைத்தும் பீர் வடித்தும் அவர்கள் செய்த உழைப்பு, தொழிலாளரை நிலைநிறுத்தும் செலவை நிறுவனங்களுக்குக் குறைத்தது. ஆண்மட்டும் வந்து சென்றான் என்னும் பழைய சித்திரம் இதனால் தகர்ந்தது.

ஜேம்ஸ் ஃபெர்குசனின் மறுப்பு வேறு திசையிலிருந்து எழுந்தது. 1985-86இல் கிட்வேயில் களப்பணி செய்த அவர் 1990இல் கட்டுரைகளாகவும், 1999இல் நூலாகவும் தம் கருத்தை வெளியிட்டார். அலைகுடியிலிருந்து நிலைகுடிக்கு என ஒரே வழியில் செல்லும் வளர்ச்சிக் கதையாக நகரமயமாதலைக் காண்பது பிழை என்றார். 1970களின் நடுவில் செம்பின் விலை வீழ்ந்தபின், வேலையிழந்தோர் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. வரலாற்றாளர் ஹியூ மாக்மில்லன் 1993இல் இதற்கு மறுப்பு எழுதி, முன்னோடி ஆய்வாளர் அனைவரையும் ஒரே கதைக்குள் அடக்குவது தவறு என வாதிட்டார். இவ்வாதம் ஏற்கத்தக்கதே.

எனினும் ஃபெர்குசனின் அடிப்படைக் கருத்தை மக்கள்தொகைக் கணக்கு உறுதி செய்தது. ஸாம்பிய மக்களுள் நகரவாசிகள் 1980இல் சுமார் 40 விழுக்காடு. 2000இல் சுமார் 35 விழுக்காடு. புவியியலார் டெபோரா பாட்ஸ் 2005இல் செம்புச் சுரங்க வட்டாரத்திலிருந்து வெளியேறியோர் பற்றி ஆராய்ந்து, நகர வாழ்வின் செலவைத் தாங்க இயலாமையே இதற்குக் காரணம் என விளக்கினார். 2010ஆம் ஆண்டுக் கணக்கில் நகரப் பங்கு மீண்டும் 40 விழுக்காட்டை நெருங்கியது. ஒரு துறையின் சான்று பிறிதொரு துறையின் கோட்பாட்டைச் சோதித்த நல்ல எடுத்துக்காட்டு இது.

5. மொழிச் சான்று

இவ்விவாதங்கள் அனைத்திலும் மொழி பெரும்பாலும் வாயிற்புறத்திலேயே நின்றது. எப்ஸ்டைனே 1959இல் செம்புச் சுரங்க வட்டாரத்தின் மொழிப் புதுமைகளைப் பற்றித் தனிக்கட்டுரை எழுதினார். ஸாம்பிய மொழியியலார் முபாங்கா கஷோக்கி 1972இல் நகர பெம்பாவின் இயல்புகளை விவரித்தார். அக்கட்டுரை வெளிவந்தது பழைய ரோட்ஸ்-லிவிங்ஸ்டன் நிறுவனத்தின் வழிவந்த ஆய்விதழிலேயே. டெப்ரா ஸ்பிடுல்னிக் 1998இல் நகர பெம்பாவை நகரக் கலப்புத்தன்மையின் வெளிப்பாடாக ஆராய்ந்தார். ஆயினும் நிலைகுடியா அலைகுடியா என ஃபெர்குசனும் மாக்மில்லனும் நடத்திய விவாதம் மொழிச் சான்றின்மீது நடைபெறவில்லை.

அச்சான்று சிறிதன்று. 'மோட்டோகா' என்பது மோட்டார் வண்டி, பன்மையில் 'பாமோட்டோகா'. 'சுகுலு' என்பது பள்ளி. ஆங்கில வினையடியும் 'உகு' என்னும் பெம்பா முன்னொட்டைப் பெற்று வினைப்பெயராகிறது. வந்த சொல்லைப் பெம்பாவின் பெயர்வகுப்பு முறை தன் ஒழுங்குக்குள் அமர்த்திக்கொள்கிறது. பெம்பா அல்லாத பல இனக்குழுவினர் இம்மொழியைத் தமக்குள் பேசினர். பிசா இளைஞரின் கலேலாப் பாடல்களும் சுரங்க நகரின் மொழியிலேயே அமைந்தன. மேலாளர் ஏவுதற்குப் பயன்பட்ட சிலப்பலப்பா என்னும் குறுமொழி சுரங்க வேலையைச் சார்ந்து நின்றது. நகர பெம்பாவோ வீட்டிலும் சந்தையிலும் மதுக்கூடத்திலும் வளர்ந்து குழந்தைகளின் முதல்மொழியாயிற்று.

இதிலிருந்து பெறப்படுவது யாது? தனிமனிதர் ஊர் திரும்பலாம். மக்கள்தொகைக் கணக்கு அதைக் காட்டும். ஆனால் ஒரு பேச்சு வழக்கு தலைமுறை கடந்து கையளிக்கப்படுகிறது என்றால் அதனைக் கையளிக்கும் சமுதாயம் அங்கே நிலைபெற்றுள்ளது. தனியாள் அலைகுடியாகவும் சமுதாயம் நிலைகுடியாகவும் ஒரே காலத்தில் இருத்தல் இயலும். ஃபெர்குசனும் மாக்மில்லனும் எதிரெதிராக நிறுத்திய இரு உண்மைகளை மொழிச் சான்று ஒருங்கே ஏற்க இடம் தருகிறது.

மொழி இயல்பாக அமைந்த ஒன்றெனக் கொள்வதும் தவறாகும். எல்லைக்கு அப்பால் காங்கோவின் கட்டாங்காச் சுரங்கங்களில் சுவாஹிலி தொழில்மொழியாயிற்று. தொடக்கத்தில் அங்கும் வட ரொடீசியாவிலிருந்து சென்ற தொழிலாளர் பலர் இருந்தனர். யோஹன்னஸ் ஃபேபியன் 1986இல் வெளியிட்ட நூல், ஆட்சியாளரும் சமயப் பரப்புநரும் நிறுவனங்களும் சேர்ந்து அம்மொழியை வளர்த்த வரலாற்றை ஆராய்கிறது. ஒரே செம்பு நிலத்தின் இருபுறமும் இருவேறு மொழிகள் வேரூன்றியதற்கு ஆள்சேர்ப்பும் கொள்கையும் காரணமாயின. மொழியைச் சான்றாகக் கொள்வோர் அதன் பின்னுள்ள அதிகாரத்தையும் கருத வேண்டும் என்பதை இவ்வொப்பீடு உணர்த்துகிறது. மகுபானேயின் கண்டனம் மொழியியலுக்கும் உரியதே.

2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஸாம்பிய மக்களுள் பெம்பா இனக்குழுவினர் ஏறத்தாழ 21 விழுக்காடு. பெம்பாவைப் பெரிதும் பேசுவோர் ஏறத்தாழ 33 விழுக்காடு. இவ்விடைவெளி முழுவதும் நகரத்தால் விளைந்ததன்று. ஊர்ப்புறத்துப் பிற குழுவினர் சிலரும் பெம்பா பேசுவோரே. எனினும் இனக்குழுப் பெயரைக் கொண்டு மொழியைக் கணிக்க இயலாது என்பது இதனால் தெளிவாகும்.

6. முடிவுரை

1966ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் ஸாம்பியப் பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் பயிற்றுமொழியாயிற்று. 2013ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் முதல் நான்கு வகுப்புகளுக்குக் குழந்தைக்குப் பழக்கமான உள்நாட்டு மொழியைப் பயிற்றுமொழியாக வகுத்தது. செம்புச் சுரங்க வட்டாரத்தில் அது பெம்பா எனக் கொள்ளப்பட்டது. ஆனால் பாடநூலின் பெம்பா வட மாகாணத்து ஊர்களின் பெம்பா; குழந்தையின் பெம்பா கிட்வே தெருவின் பெம்பா. தான் காணாத ஊரின் மொழியைத் தன் தாய்மொழி எனக் கற்குமாறு அக்குழந்தை பணிக்கப்பட்டது. ஒருநாளும் பெயர்ந்து வந்திராத குழந்தையையும் பெயர்ந்து வந்தவர் என்னும் வகைப்பாடு விடவில்லை.

வில்சனின் பொருளாதார நோக்கு, மிட்செலின் நுட்பம், எப்ஸ்டைனின் நேர்மை, ஃபெர்குசனின் ஐயம் ஆகியவை செம்புச் சுரங்க ஆய்வு மரபின் செல்வங்கள். அவற்றின் குறை, நகரத்தார் பேசியவற்றைத் தொகுத்தும் அவர்கள் பேசிய முறையைச் சான்றாகக் கொள்ளாமை. யார் நகரத்துக்கு உரியவர் என்னும் வினாவை ஆட்சியாளர் வீட்டு உரிமையைக் கொண்டு கேட்டனர். அறிஞர் தங்கிய ஆண்டுகளைக் கொண்டு கேட்டனர். அதற்குரிய விடையின் ஒரு பகுதி நகரத்தாரின் வாய்மொழியிலேயே இருந்தது. அதனைக் கஷோக்கி 1972இலேயே எழுதிவைத்தார் என்பதை இனி வரும் ஆய்வாளர் மறத்தல் ஆகாது.