சிரிப்பை அழிக்காத நினைவு

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தது. அதில் பலருக்கும் தெரிந்த ஓர் இடம் உண்டு. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பள்ளி முடிந்து, வழியெல்லாம் வேடிக்கை பார்த்தபடி வீடு திரும்புகிறாள். களத்தில் மாடுகள் கதிர் மிதிக்கின்றன. நிலக்காரர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தை, அதன்மேல் கை படாமல் நூலை மட்டும் பிடித்துத் தூக்கிவருகிறார். குனிந்து பவ்வியமாக நீட்டுகிறார். அவ்வளவு பெரிய ஆள் அவ்வளவு சின்னப் பொட்டலத்தை அப்படித் தூக்கிவருவதைப் பார்த்துச் சிறுமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டுக்குப் போய் அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு என்பதால்தான் அப்படித் தூக்கிவந்தார் என்று விளக்குகிறான். அவள் சிரிப்பு அங்கேயே நின்றுபோகிறது.

தீண்டாமைக்கு ஒரு சான்றாக இப்பகுதியை எடுத்துக்காட்டுவது நம் விமர்சன வழக்கம். அது சரிதான். ஆனால் சான்று என்பதோடு நிறுத்திக்கொண்டால், நினைவு எப்படி உருவாகிறது என்பதைப் பற்றி இப்பகுதி சொல்வதைத் தவறவிடுகிறோம். களத்தில் அவள் பார்த்தது வேடிக்கை. வீட்டில் கேட்ட சொல்தான் அதை அவமானமாக்கியது. ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து எழுதும் கை இரண்டையும் சேர்த்துவைத்தது. கண், சொல், எழுத்து என்று மூன்று இடங்களில் இந்த ஒரு நினைவு உருவாகியிருக்கிறது.

எழுதும்போது பாமா அந்தச் சிரிப்பை அழித்திருக்கலாம். பார்த்த கணமே கொதித்தெழுந்த சிறுமியாகத் தன்னைக் காட்டியிருக்கலாம். யாரும் மறுத்திருக்க முடியாது. அவர் அழிக்கவில்லை. அதனால்தான் அந்த இடம் இவ்வளவு வலுவாக இருக்கிறது. சாதி பிறவியிலேயே தெரிந்துவிடுவதில்லை, அதை யாராவது சொல்லித்தர வேண்டியிருக்கிறது என்பதற்கு அந்தச் சிரிப்பே சாட்சி. இன்னொன்றும் உண்டு. கை படாமல் பொட்டலம் தூக்கும் விதி உண்மையிலேயே கேலிக்கூத்து. பாடம் படிப்பதற்கு முன்பே குழந்தை அதைச் சரியாகக் கண்டுகொண்டது. அண்ணன் தந்த விளக்கம் அந்தக் கூத்துக்குப் பின்னால் இருந்த கொடுமையைக் காட்டியது. சிரிப்பும் கோபமும் சேர்ந்ததுதான் முழு நினைவு.

அதே பகுதியில் பாட்டிமார் வருகிறார்கள். நாயக்கர் வீடுகளில் வேலை செய்பவர்கள். அவர்களுக்குத் தண்ணீர் உயரத்திலிருந்து ஊற்றப்படுகிறது. மிஞ்சிய சோறு பாத்திரத்தில் படாமல் கொட்டப்படுகிறது. இதை ஏன் வாங்கிவருகிறாய் என்று பேத்தி கேட்கும்போது, சோறு போடுகிறவர்களைப் பற்றிப் பாட்டி நன்றியோடுதான் பேசுகிறார். ஒரே வீட்டில் ஒரே அநீதி அண்ணனுக்குக் கோபமாகவும் பாட்டிக்கு நன்றியாகவும் பதிந்திருக்கிறது. பாட்டியை ஏமாளி என்று ஒதுக்கிவிடுவது எளிது. பாமா அப்படிச் செய்யவில்லை. படித்த அண்ணனுக்குக் கிடைத்த சொற்கள் பாட்டிக்குக் கிடைக்கவில்லை. அந்த நன்றியைச் செய்தது பசி. எந்தச் சொல் யாருக்கு எட்டியது என்பதில் சாதியைப் போலவே பாலினமும் வேலை செய்கிறது. பெண்ணியமாக இந்நூலை வாசிக்கிறவர்கள் நிற்க வேண்டிய இடம் இது என்று நினைக்கிறேன்.

இப்பகுதியின் ஆங்கில வடிவம் சிபிஎஸ்இ 12ஆம் வகுப்பின் ‘விஸ்டாஸ்’ நூலில், அமெரிக்கப் பூர்வகுடி எழுத்தாளர் ஜிட்காலா-சாவின் பகுதியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அவர் எட்டு வயதில் இந்தியானாவிலிருந்த உறைவிடப் பள்ளிக்குக் கொண்டுசெல்லப்பட்டவர். அங்கே தன் நீண்ட கூந்தல் வெட்டப்பட்டதை 1900இல் எழுதினார். கட்டிலுக்கு அடியில் ஒளிந்தவளை இழுத்துவந்து, நாற்காலியில் கட்டிவைத்துச் சடையை வெட்டுகிறார்கள். அவர் குடியில் கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொள்வது துக்கம் காப்போர். கோழைகளுக்கும் அதுவே அடையாளம். அந்தச் சிறுமிக்கு இதெல்லாம் தாய் சொல்லி முன்பே தெரியும். கத்தரி வருமுன் தாயின் சொல் வந்துவிட்டது. அதனால் அவள் உடனே எதிர்க்கிறாள். பாமாவின் சிறுமிக்குச் சொல் பிறகுதான் வருகிறது. அதனால் முதலில் சிரிக்கிறாள். இரண்டையும் அருகருகே வைத்தால் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். ஆனால் பாடநூல் இரண்டுக்கும் சேர்த்துத் தரும் தலைப்பு ‘இளம்பருவ நினைவுகள்’ என்ற பொருளில் இருக்கிறது. ஆற்றங்கரை, மாந்தோப்பு நினைவுகளுக்கும் அதே தலைப்பு பொருந்தும்.

இப்படி மழுக்குவது தற்செயலன்று. உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூலில் ஒரு சோதனையை விவரிக்கிறார். பூர்வகுடிக் கதை ஒன்றை இங்கிலாந்து வாசகர்களுக்குக் கொடுத்து, பிறகு நினைவிலிருந்து சொல்லச் சொன்னார். அவர்கள் தங்களுக்குப் பழகாதவற்றை விட்டுவிட்டார்கள். கதையில் வந்த சிறு ஓடம் பலருக்குச் சாதாரணப் படகாகிவிட்டது. நினைவு என்பது பெட்டியில் பூட்டிவைத்த பொருளன்று, ஒவ்வொரு முறையும் திரும்பக் கட்டப்படுவது என்றார் அவர். எழுதுகிறவர் மட்டுமா கட்டுகிறார்? வாசிக்கிற நாமும், பாடத்திட்டம் வகுப்பவர்களும் அடுத்தவர் நினைவை நமக்கு வசதியான வடிவத்தில் கட்டிக்கொள்கிறோம்.

இங்கே ஓர் ஆபத்து உண்டு. நினைவு கட்டப்படுவது என்று ஒப்புக்கொண்டால், ‘நீயாகக் கட்டிச் சொல்கிறாய்’ என்று பெண்களின் வாயை அடைப்பவர்களுக்கு வசதியாகிவிடாதா? வீட்டில் நடந்ததைச் சொல்லும் பெண்ணும், வேலையிடத்தில் நடந்ததைச் சொல்லும் பெண்ணும் தினமும் கேட்கும் பேச்சு இது. அதற்குப் பயந்துதான் நம் விமர்சகர்கள் பலர் இத்தகைய நூல்களை ‘பதிவு’, ‘வாக்குமூலம்’, ‘பச்சையான அனுபவம்’ என்கிறார்கள். காப்பாற்றுவதாக நினைத்து, எழுத்தாளரின் உழைப்பை எடுத்துவிடுகிறார்கள். ‘கருக்கு’ கால வரிசையில் போவதில்லை. பேச்சுமொழியை விட்டு இறங்குவதில்லை. ‘நான்’ என்று தொடங்கி ‘நாங்க’ என்று விரிகிறது. இவை தேர்வுகள், தற்செயல்கள் அல்ல.

கட்டுவதும் பொய் சொல்வதும் ஒன்றல்ல. சுவரைக் கட்டியவர் இருக்கிறார் என்பதால் சுவர் இல்லையென்று ஆகிவிடாது. மேலும், நிலக்காரர் வீட்டிலும் நினைவு கட்டப்பட்டிருக்கும். ‘அந்தக் காலத்தில் எல்லோரும் ஒற்றுமையாக இருந்தோம்’ என்று. அந்த நினைவிடம் யாரும் ஆதாரம் கேட்பதில்லை. சந்தேகத்தைச் சமமாகப் பங்கிடாதவரை, ‘நினைவை நம்ப முடியாது’ என்ற பேச்சு ஒரு தரப்பின் ஆயுதம்தான்.

தன் நினைவை எழுத உட்காரும் மாணவிக்குப் பாமாவிடம் கற்க ஒன்று இருக்கிறது. பின்னால் கற்ற விளக்கத்தை எழுதுங்கள். அதற்கு முன் என்ன தோன்றியது என்பதையும் விடாமல் எழுதுங்கள். சிரித்திருந்தால் சிரித்ததை, நன்றி சொல்லியிருந்தால் நன்றியை. கொள்கைக்கு ஒத்துவரவில்லையே என்று அதை அழித்துவிட்டால், விளக்கம் நம்மை எவ்வளவு மாற்றியது என்பது நமக்கே தெரியாமல் போய்விடும்.