பாடம் கேட்க வேண்டியவர் யார்?

சட்டம் பயிலும் மாணவர் மக்களை நாடிச் செல்வது நற்பணி என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் ‘சட்ட விழிப்புணர்வு’ என்ற பெயரில் நடப்பவற்றுட் பல, ஒரு துண்டுப்பிரசுரம், ஒரு சொற்பொழிவு, ஒரு புகைப்படம் என்ற அளவில் முடிந்துவிடுகின்றன. மக்களுக்குச் சட்டம் தெரியாது, தெரிந்துவிட்டால் நீதி கிடைத்துவிடும் என்பது இவற்றின் அடிப்படை எண்ணம். மட்டக்களப்பு வாவிக்கரையில் இவ்வெண்ணம் செல்லாது.

படுவான்கரையின் மகிழடித்தீவில் 1991 ஜூன் 12ஆம் நாள் இராணுவத்தினர் பொதுமக்களைக் கொன்றனர். இறந்தோர் 67 பேரென ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழு கண்டது. இராணுவ நீதிமன்றமோ அதிகாரி ஒருவரைப் பதவிநீக்கியதோடு அமைந்தது, ஏனையோர் விடுதலையாயினர். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும்வரை, பாதையிலேறி வாவியைக் கடந்து பட்டினம் போய்வந்த மக்கள் இவர்கள். உண்மையைச் சொல்ல இவர்களுக்கு எந்தத் துண்டுப்பிரசுரமும் தேவைப்படவில்லை.

வடக்கே, புணாணைப் பக்கத்து மயிலந்தனையில் 1992 ஆகஸ்ட் 9ஆம் நாள் 35 பேர் கொல்லப்பட்டனர். மட்டக்களப்பில் தொடங்கிய வழக்கு பொலன்னறுவைக்கும், பின்னர் கொழும்புக்கும் மாற்றப்பட்டது. 2002 நவம்பரில் சிங்களம் பேசும் யூரிமார் எதிரிகளை விடுவித்தனர். யூரிமார் காரணங் கூறவேண்டியதில்லை என்பதையும் நினைவிற் கொள்க. திருகோணமலை மாவட்டத்துக் குமாரபுரம் வழக்கும் 2016இல் அனுராதபுரத்தில் இவ்வாறே முடிந்தது.

யூரிமாரை எம்மொழிப் பட்டியலிலிருந்து தெரிவதென்பதை, 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவை பொதுவாக எதிரியின் விருப்புக்கே விடுகிறது. சிறுபான்மையினத்து எதிரிக்கு இது ஒரு காவல். அதை நாம் மறுக்கவில்லை. எதிரி இராணுவத்தினனாகவும் இறந்தவன் தமிழ்க் குடியானவனாகவும் இருக்குமிடத்தோ, இனத்தின் பெயரையே உச்சரியாத அதே விதி இனப் பாரபட்சமாகப் பலிக்கிறது. இடமாற்றம் யாவும் தீதென்பதும் நம் கட்சியன்று. குஜராத்தின் பெஸ்ட் பேக்கரி வழக்கை இந்திய உச்ச நீதிமன்றம் 2004இல் மகாராஷ்டிரத்துக்கு மாற்றியது, சாட்சிகள் அச்சமின்றிப் பேசவேண்டுமென்பதற்காக. இங்கோ சாட்சிகளே தொலைவுக்கு இழுக்கப்பட்டனர்.

மாணவருக்குரிய வேலை இங்கேதான் இருக்கிறது. சாட்சியோடு பஸ்ஸிலேறிப் போகலாம். தவணைக்குத் தவணை ஆகும் செலவையும் இழந்த கூலியையும் கணக்கெழுதலாம். சாட்சி சொன்னதற்கும் மொழிபெயர்ப்பாளர் சொன்னதற்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துவைக்கலாம். இடமாற்றத்தை எதிர்த்து வாதிடும் சட்டத்தரணிக்கு இக்குறிப்புகளை விடப் பெறுமதியான ஆயுதம் வேறென்ன? மேடைப் பேச்சிலே கைதட்டலுண்டு. இந்த வேலையில் அதுவுமில்லை.

சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கென 2020 டிசம்பரில் வர்த்தமானியில் வெளிவந்த ஒழுங்குவிதிகளைப் பாராளுமன்றம் 2023 மார்ச்சில் நிராகரித்தது. நன்றே. ஆனால், தமிழிற் பரீட்சை எழுதியதனால் மட்டும் ஒருவர் இம்மக்களின் மொழியை அறிந்தவராகிவிடுவாரா? ‘வட்டைக்குப் போனேன்’ என்று சாட்சி சொல்லும்போது, அது வயல்வெளியைக் குறிக்கிறதென்று விளங்காத பட்டதாரி, குறுக்கு விசாரணையில் அவரைக் காப்பது எங்ஙனம்?