காளஹஸ்திக் கலமும் கண்ணாடித் திரையும்

பென் டிஸ்ப்ளே வாங்கக் காசு சேர்த்து வைத்திருக்கும் இளைஞர்கள் யோசனை கேட்டால், கடைக்குப் போகும் முன் ஸ்ரீகாளஹஸ்திக்கு ஒரு நடை போய் வாருங்கள் என்பேன். திருப்பதியில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம். காளத்தியப்பரைக் கும்பிட்டுவிட்டு, கலம்காரி வரைகிறவர் ஒருவரின் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து அவர் கையை மட்டும் பாருங்கள். எந்த மாடல், எத்தனை அங்குலம், எத்தனை பிரஷர் லெவல் என்று யூடியூபில் விமர்சனம் மேல் விமர்சனமாகப் பார்த்தும் தெளியாத விஷயம் அங்கே தெளியும். பேனாவால் படம் வரைவதில் இந்தச் சீமையில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

2022 ஏப்ரலில் மாவட்டம் பிரியும் வரை காளஹஸ்தி சித்தூரைச் சேர்ந்தது. இப்போது திருப்பதி மாவட்டம். மசூலிப்பட்டினத்துக் கலம்காரியில் மர அச்சுக்குப் பெரிய இடம் உண்டு. காளஹஸ்தியில் எல்லாமே கைவேலை. கோயில்களில் தொங்கவிடும் ராமாயண, பாரதத் திரைச்சீலைகளாக வளர்ந்த கலை இது. கதையைக் கட்டம் கட்டமாக வரைந்து தெலுங்கில் வாசகமும் எழுதிவிடுவார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அநேகமாக நின்றுபோகும் நிலைக்கு வந்தது. கமலாதேவி சட்டோபாத்யாய் எடுத்த முயற்சியால் 1950களின் பிற்பகுதியில் இங்கே பயிற்சி மையம் வந்தது. கைகள் மறுபடி பெருகின. அந்த மரபில் வந்த ஜொன்னலகட்டா குரப்ப செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ கிடைத்தது. திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் பாரம்பரியச் சிற்பக் கல்லூரியில் கலம்காரி ஒரு பாடம். நம் பக்கத்தில் இதற்கு உறவான கருப்பூர் கலம்காரி 2021இல் புவிசார் குறியீடு பெற்றது.

கலம் என்பது ஒரு மூங்கில் குச்சி. நுனியைக் கூராகச் சீவி, அதற்குச் சற்று மேலே கம்பளித் துணியை உருண்டையாகச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். சாயத்தில் முக்கினால் அந்த உருண்டை சாயத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். விரல்களால் லேசாகப் பிழிய, சாயம் நுனிக்கு இறங்கும். கோடு தடிப்பதும் மெலிவதும் பெரும்பாலும் இந்தப் பிழிதலில் இருக்கிறது. துணியின் மேல் நுனி படுகிற பாரம் அதிகம் மாறுவதில்லை. விரல் பிடிதான் கூடிக் குறைகிறது.

துணியும் லேசுப்பட்டதில்லை. கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைத்த பருத்தி அது. பாலின் கொழுப்பு, சாயம் கசிந்து பரவாமல் பிடித்து நிறுத்துகிறது. இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் வாரக்கணக்கில் ஊறவைத்து இறுத்த நீர்தான் கருப்பு மை. கோடு இழுத்ததும் வெளிறித் தெரியும். துணியில் இருக்கும் கடுக்காய்த் துவர்ப்போடு சேர்ந்ததும் நம் கண்ணெதிரே கறுக்கும். சிவப்பு வர வேண்டிய இடத்தில் தடவுவது படிகார நீர். அதற்கு அநேகமாக நிறமே கிடையாது. துணியை ஓடும் நீரில் அலசி, சாயவேர் அல்லது மஞ்சிட்டி போட்டுக் கொதிக்கவைத்த பிறகுதான் படிகாரம் பட்ட இடம் சிவக்கும். கலம் பிடித்தவர் இன்னும் வராத நிறத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வரைகிறார்.

ஒரு முகத்தில் கண் எழுதுவதைக் கவனியுங்கள். காளஹஸ்திப் பாணியில் கண் நீளம், அகலம் இரண்டிலும் தாராளம். மேல் இமை மூக்கோரம் தொடங்கிக் காதை நோக்கி ஒரே இழுப்பில் போகிறது. நடுவில் சற்றுக் கனத்து, கடைசியில் நுனி எழும்பும்போது கோடு மெலிந்து தீர்கிறது. இடையில் கை தயங்கினால் அங்கே மை தேங்கிப் புள்ளி விழும். அதற்குப் பிறகு கீழ் இமை, கருவிழி. புளியங்குச்சியைச் சுட்ட கரியால் போட்ட அடிக்கோட்டைத் தட்டி உதிர்த்துவிடலாம். இரும்புக் கருப்பை எதுவும் செய்ய முடியாது. கண்ணை அப்பிய கண்ணப்பரின் ஊரில் கண் எழுதும் கை தடுமாறலாமா!

இதைப் பார்த்த கண்ணோடு கடைக்குப் போகலாம்.

திரைமேல் பேனாவால் வரையும் ஆசை கணினிக்குப் புதிதில்லை. 1963இலேயே எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட், ஸ்கெட்ச்பேட் என்ற மென்பொருளில் ஒளிப்பேனாவைக் கொண்டு திரையில் கோடு போட்டுக் காட்டினார். நட்டமாக நிற்கும் திரையில் கையைத் தூக்கி வைத்து வரைந்தால் தோள் என்ன ஆகும்? அதனால் மேஜையில் படுத்திருக்கும் பலகை வந்தது. அதில் வேறு குறை: கை மேஜையில், கண் திரையில். பலகையும் திரையும் ஒன்றான பென் டிஸ்ப்ளே வகையில், 2001இல் ஜப்பானின் வாக்கம் நிறுவனம் கொண்டுவந்த சின்டிக் பெயர் வாங்கியது. இன்று ஹுயான், எக்ஸ்பி-பென் போன்ற சீன நிறுவனங்கள் விலையைப் பாதிக்கும் கீழே இறக்கிவிட்டன. 12, 13 அங்குலத் தொடக்க மாடல் ரூ.20,000ஐ ஒட்டிக் கிடைக்கிறது.

உள்ளே நடப்பது அழகான வேலை. திரைக்கு அடியில் ஒரு கம்பிச் சுருள் வலை மின்காந்த அலையை அனுப்புகிறது. பேனாவுக்குள் இருக்கும் குட்டிச் சுருள் அதை வாங்கி அதிர்ந்து பதில் அனுப்புகிறது. பேனா எங்கே இருக்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது, நுனி எவ்வளவு அழுந்துகிறது என்பதெல்லாம் அந்தப் பதிலிலிருந்து தெரிந்துவிடும். ஆகவே பேனாவுக்கு பேட்டரி வேண்டாம்.

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 8,192, 16,384 என்ற பிரஷர் லெவல் எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த வித்தியாசத்தை உணர்கிற விரல் இதுவரை பிறக்கவில்லை. கேட்க வேண்டியது வேறு: எவ்வளவு லேசாகத் தொட்டால் கோடு பிறக்கிறது? நல்ல பேனா 3 கிராம் பாரத்துக்கே மை விடும். மட்டமான பேனா முதலில் சும்மா இருந்து, திடீரென்று தடித்த கோடாகக் குதிக்கும். இமைக்கோட்டின் கடைசி மெலிவு அதில் வரவே வராது. கோடு எழும்பித் தீரும் அந்த இடம்தான் சித்திரக்காரனின் கையெழுத்து. அதைத் தராத கருவிக்கு எத்தனை ஆயிரம் லெவல் இருந்து என்ன பயன்?

அடுத்தது உரசல். துணியில் இழையின் சொரசொரப்பு கலத்தைப் பிடித்து இழுக்கும். அந்தப் பிடிப்பு கையின் வேகத்தைத் தானே சீர்செய்யும். வெறும் கண்ணாடியில் பிளாஸ்டிக் நிப் வழுக்கிக்கொண்டு ஓடும். அதனால்தான் மேட் பிலிம் ஒட்டுகிறார்கள், அல்லது கண்ணாடியையே பொடிச் சொரசொரப்பாக அரித்து வைக்கிறார்கள். இரண்டாவது நீடித்து உழைக்கும். பிலிமில் அடிக்கடி கை போகும் இடம் நாளடைவில் தேய்ந்து பளபளக்கும். ஃபெல்ட் நிப் போட்டால் பிடிப்பு கூடும், தேய்மானமும் கூடும். எதுவானாலும் நிப் ஒரு பக்கமாகத் தேய்ந்து விளிம்பு கூராகும் முன் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் திரையில் கீறல்தான்.

மூன்றாவது, நுனிக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளி. பழைய, மலிவான மாடல்களில் கண்ணாடிக்கும் உள்ளே படம் தெரியும் அடுக்குக்கும் நடுவே காற்று இருக்கும். பேனா ஓரிடத்தில் இருக்க, கோடு சற்றுத் தள்ளிப் பிறந்தது மாதிரி தெரியும். ‘ஃபுல் லேமினேஷன்’ என்று போட்டிருந்தால் இரண்டையும் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். பட்ஜெட்டில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள். வாங்கி வந்த பிறகு, வழக்கமாக உட்காரும் நிலையிலேயே உட்கார்ந்து காலிபரேட் செய்யுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து செய்துவிட்டுக் குனிந்து வரைந்தால் கணக்குத் தவறும்.

நான்காவதுதான் உண்மையான சோதனை. கடையில் பேனாவை வாங்கி, மிக மெதுவாக மூலைக்கு மூலை ஒரு சாய்கோடு இழுங்கள். சில கருவிகளில் அந்தக் கோடு நடுநடுங்கும். வேகமாக இழுத்தால் மட்டும் நேராக வரும். விற்பவர்கள் சரசரவென்று கிறுக்கிக் காட்டுவதன் ரகசியம் அதுதான். அப்படியே நுனியைத் திரையின் நான்கு மூலைக்கும் கொண்டுபோங்கள். ஓரத்தில் கோடு நுனியை விட்டு விலகி ஓடினால் வேறு மாடல் காட்டச் சொல்லுங்கள்.

அளவு விஷயத்தில் ஆளுக்கொரு தேவை. 12, 13 அங்குலத்தில் மணிக்கட்டு வரையும்; 16இல் முழங்கை சேரும்; 22, 24இல் தோள் வரும். இதழ்களுக்குச் சின்னப் படம் போடுகிறவருக்கு 13 தாராளம். நீண்ட வளைவுகளை ஒரே வீச்சில் இழுக்க ஆசைப்படுகிறவர் 16க்குக் கீழே போகக் கூடாது. இன்னொன்று: பென் டிஸ்ப்ளே தனியாக இயங்காது, கணினி வேண்டும். லேப்டாப்பின் யூஎஸ்பி-சி துளை வீடியோ அனுப்புமா என்று முதலில் பாருங்கள். அனுப்பாவிட்டால் எச்டிஎம்ஐ இருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊர் வெயிலில் உள்ளங்கை வியர்த்துக் கண்ணாடியில் ஒட்டும். சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் மட்டும் மூடும் கையுறை ஒன்று கட்டாயம் வேண்டும்.

வாங்கியாயிற்று. கலம்காரிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வந்ததன் பலன் இனிமேல்தான் தெரியும்.

மென்பொருளில் பிரஷர் கர்வ் என்று ஒன்று இருக்கும். கிரிட்டா இலவசமாகவே கிடைக்கிறது, அதிலும் உண்டு. லேசான கை உள்ளவர் அந்த வளைவை மேலே தூக்கிவைக்க வேண்டும். அழுத்தி எழுதிப் பழகியவர் கீழே இறக்க வேண்டும். கம்பளி உருண்டையை எவ்வளவு இறுக்கிக் கட்டுவது என்று ஒவ்வொரு கலைஞரும் தன் கைக்குத் தக்கபடி முடிவு செய்வதில்லையா, அந்த முடிவு இது. கம்பெனி வைத்துக் கொடுத்த கர்விலேயே காலம் தள்ளுகிறவர்கள் இரவல் கலத்தில் வரைகிறார்கள்.

ஸ்டெபிலைசர் நடுங்கும் கோட்டை வழவழப்பாக்கித் தரும். நகை, பூவேலை, கரை ஆகியவற்றுக்குக் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம். முகத்துக்கு வரும்போது அணைத்துவிடுங்கள். அது உங்கள் தயக்கத்தோடு சேர்த்து உங்கள் துணிச்சலையும் துடைத்துவிடுகிறது. ஜூம் இன்னொரு வலை. நானூறு சதவீதம் பெருக்கி எழுதிய கண், முழுப்படத்தில் பார்த்தால் விறைத்து நிற்கும். காளஹஸ்தியில் மீட்டர் கணக்கான துணியைச் சிறிய பலகையில் நகர்த்தி நகர்த்தித்தான் வரைகிறார்கள். ஆனால் வரைகிறவருக்கு முழுச் சீலையும் மனப்பாடம். நமக்கு அது இல்லாத வரை, அடிக்கடி முழுப்படத்துக்குத் திரும்புவதே வழி.

அண்டூ பற்றி நிறையப் பேர் வருத்தப்படுவார்கள். நான் வருத்தப்பட மாட்டேன். பிழைப்புக்கு வரைகிறவனுக்கு அது வரம். ஆனால் பயிற்சிக்கு உட்காரும்போது அந்தச் சாவியைத் தொடாமல், ஒரே லேயரில், திரும்ப வராத கருப்பில் நாளைக்கு ஒரு முகம் வரையுங்கள். கை யோசித்துவிட்டு இறங்கப் பழகும். படிகாரம் தடவுகிறவரிடம் இருக்கும் பொறுமைக்கு இதைவிட நெருக்கமான பாடம் திரையில் இல்லை.

நிறத்தில் மட்டும் திரை துணியிடம் தோற்கும். எஸ்ஆர்ஜிபி நிறவெளி முழுதையும் காட்டும் திரையாகவே வாங்கினாலும், மஞ்சிட்டிச் சிவப்பில் வெயிலும் தண்ணீரும் ஏற்றிய அந்த மங்கலான ஆழம் வராது. ஸ்வர்ணமுகியில் ஓடுகிற நீரே குறைந்துபோன இந்த நாளில் துணிக்கே அது கஷ்டப்பட்டு வருகிறது. ஒளிரும் நிறங்களை நம்பாமல், கருப்பு, செம்மண் சிவப்பு, அவுரி நீலம், கடுக்காய் மஞ்சள், அந்த நீலமும் மஞ்சளும் சேர்ந்த பச்சை என்று ஐந்தே நிறத்தில் சில மாதம் வேலை செய்து பாருங்கள். கோட்டின் மேல் கவனம் திரும்பும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. இதே பேனாவால் கலம்காரி உருவங்களை நகலெடுத்து, மெஷினில் அச்சடித்து, கலம்காரி என்றே பெயர் போட்டு விற்கும் வியாபாரம் பெருகிவிட்டது. புவிசார் குறியீடு இருந்தும் அதைத் தடுக்க முடியவில்லை. உங்கள் கருவியை அதற்குக் கொடுக்காதீர்கள். கையால் வரைந்த துணியைக் கண்டுபிடிப்பது கடினமில்லை: ஒரே பூ இரண்டு இடத்தில் வந்தால் அச்சு அசலாக இருக்காது, கருப்புக் கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும்.

என் தீர்ப்பு இதுதான்: கையிருப்பு 25,000 என்றால் 20,000க்கு லேமினேஷன் உள்ள 13 அங்குலத் திரை வாங்குங்கள். மிச்சத்துக்கு ஸ்ரீகாளஹஸ்தியில், வரைந்தவர் கையிலிருந்தே ஒரு சின்னத் துணி வாங்கி மேஜைக்கு எதிரே மாட்டுங்கள். இரண்டில் எது குரு, எது கருவி என்று சந்தேகம் வராது.