என்ன ஆசையோ, உசுரு நிக்குது

திருமங்கலத்திலிருந்து உசிலம்பட்டி வரைக்கும், தெற்கே விருதுநகர் வரைக்கும், நாள்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடக்கும் பெரியவரைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் திண்ணையில் உட்கார்ந்ததும் சொல்வது ஒன்றுதான்: "என்ன ஆசையோ, உசுரு நிக்குது." மண்ணாசை என்று தோன்றினால் சொந்தக் காட்டிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து, தண்ணீரில் கரைத்து வாயில் விடுவார்கள். காசாசை என்றால் காசை உரசிய தண்ணீர். என் அப்பத்தா வீட்டுக்கு எதிர்வீட்டில் சின்ன வயதில் இதைப் பார்த்திருக்கிறேன். மண் தெளியட்டும் என்று டம்ளரைச் சன்னலில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். கட்டிலில் கிடந்தவரிடம் "ஒனக்கு என்ன வேணும்?" என்று யாரும் கேட்டதாக நினைவில்லை.

மதுமிதா இயக்கத்தில் 2019 நவம்பர் 22 அன்று வெளிவந்த 'கே.டி. (எ) கருப்புத்துரை' அந்தக் கேள்வியைக் கேட்கிற படம். கேட்பது எட்டு வயதுப் பையன் ஒருவன்.

கதை சின்னது. மூன்று மாதம் நினைவில்லாமல் கிடந்த எண்பது வயதுக் கருப்புத்துரை ஒரு நாள் கண் விழிக்கிறார். விழித்ததும் காதில் விழுவது பிள்ளைகளின் பேச்சு. எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊத்தி அவரை முடித்துவிடலாம் என்று முடிவாகிக்கொண்டிருக்கிறது. எழுந்து நழுவிவிடுகிறார். போன இடத்தில், கோயிலை அண்டி வளரும் அநாதைச் சிறுவன் குட்டியைச் சந்திக்கிறார். பெரியவருக்கு நிறைவேறாத ஆசைகள் பத்தை அவன் பட்டியலாக்குகிறான். இரண்டு பேரும் ஒவ்வொன்றாக முடிக்கக் கிளம்புகிறார்கள். பின்னாலேயே வீட்டார் அவரைத் தேட ஆள் அனுப்புகிறார்கள்.

தலைப்பிலேயே ஒரு நயம் இருக்கிறது. அந்த '(எ)' இலக்கியத்தில் வருகிற எழுத்தல்ல, காவல் நிலையக் காகிதத்தில் வருவது. இன்னார் என்கிற இன்னார் என்று குற்றப் பத்திரிகையில் எழுதுவார்கள். 'கேடி' என்பதும் அங்கே பழைய குற்றவாளிகளின் பட்டியலில் இருக்கிறவனைக் குறிக்கும் சொல். கருப்புத்துரையைச் சுருக்கிப் பையன் கே.டி. என்று கூப்பிட, சாக வேண்டிய வேளையில் சாகாமல் ஓடிவந்தவருக்குப் பொருத்தமான பட்டம் தானாக அமைந்துவிடுகிறது. அப்பா, தாத்தா என்று உறவு சொல்லிக் கூப்பிட்டவர்கள் வீட்டில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்கிறார்கள். உறவு எதுவும் இல்லாதவன் புதுப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறான். புதுப்பெயர் கிடைத்த பிறகுதான் கிழவருக்கு நடையில் ஒரு துள்ளல் வருகிறது.

படுக்கையில் கிடக்கும் முதியவரை வீட்டாரே இப்படிச் சாகடிக்கிற தலைக்கூத்தல் எங்கள் பக்கத்தில் அறியாத சொல் இல்லை. விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவது, அடுத்தடுத்து இளநீர் கொடுப்பது, பால் ஊற்றுவது. பிறந்த குழந்தைக்கும் தீபாவளிக்கு வந்த மருமகனுக்கும் ஆசையாகச் செய்கிற காரியங்களேதான். 2010-இல் விருதுநகர் மாவட்டத்தில், தனக்கு இந்த ஏற்பாடு நடப்பதைத் தெரிந்துகொண்ட எண்பது வயதுக்காரர் ஒருவர் உறவினர் வீட்டுக்குத் தப்பிப்போன செய்தி வெளியாகி ஊரே பேசியது. இதை வைத்துக் கண்ணைக் கசக்க வைக்கும் படம் எடுப்பது எளிது. மதுமிதா சிரிக்க வைக்கிறார். 'வல்லமை தாராயோ', 'கொல கொலயா முந்திரிக்கா' எடுத்தவர் அவர். அந்த விளையாட்டுப் புத்தி இங்கே கனமான ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது.

கருப்புத்துரையாக நடித்திருக்கும் மு. ராமசாமியைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கி நடத்தியவர், தோல்பாவை நிழற்கூத்தை ஆராய்ந்தவர், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியராக இருந்தவர். கிரேக்கத்து 'ஆன்டிகனி'யைத் தழுவி 'துர்க்கிர அவலம்' என்று மேடையேற்றினார். அதில் செத்தவனைப் புதைக்க விடாமல் அரசன் தடுக்கிறான். இங்கே சாகாதவரை அனுப்பிவைக்க வீடு அவசரப்படுகிறது. இரண்டிலும் உறவு என்பது ஓர் உடம்பை என்ன செய்வது என்கிற கேள்வியில் வந்து நிற்கிறது. இத்தனை காலம் மேடையில் குரலை உயர்த்திப் பேசிப் பழகிய மனிதர் கேமராவுக்கு முன்னால் எல்லாவற்றையும் தணித்துக்கொண்டு, முதுகையும் உதட்டையும் மட்டும் வைத்து நடிக்கிறார். 2016-இல் 'ஜோக்கர்' படத்தில் பொன்னூஞ்சலாக வந்தபோதே அவர் கண்களில் இருந்த குறும்பு, இதில் படம் முழுக்கப் பரவியிருக்கிறது.

அதிலும் அந்தப் பிரியாணி! கருப்புத்துரைக்கு ஆட்டுக்கறி பிரியாணி மேல் தீராத காதல். இதைச் சும்மா ஒரு வேடிக்கைக் குணமாக வைத்திருக்கிறார்கள் என்று முதல் முறை பார்த்தபோது நினைத்தேன். இரண்டாம் முறை பார்த்தபோதுதான் உறைத்தது. பாலை ஊற்றி மூடப் பார்த்த வாய் அது. அந்த வாய் ருசி பார்க்கிறது, நன்றாக இருக்கிறது, இல்லை என்று தீர்ப்புச் சொல்கிறது. உயிரோடு இருப்பதற்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு?

எங்கள் தாத்தாவை மதுரைக் கீழவெளி வீதிக்குப் பிரியாணி சாப்பிடக் கூட்டிப்போவோம். இலை போட்டதும் பேச்சு நின்றுவிடும். கறித்துண்டுகளை இலை ஓரத்தில் ஒதுக்கிவைப்பார். வெறும் சீரகச் சம்பாச் சோற்றை இரண்டு வாய், கண்ணை மூடிக்கொண்டு. தால்சா வாளியோடு வருகிறவரைக் கையைக் குறுக்கே நீட்டி நிறுத்துவார். நெஞ்செலும்பு கடைசியில்தான். கருப்புத்துரை பிரியாணிக்கு முன்னால் முகம் மலர்ந்து உட்காரும்போது எனக்கு அந்தக் குறுக்கே நீளும் கை தெரிந்தது.

குட்டியாக வரும் நாகவிஷாலுக்கு 67-ஆவது தேசிய விருதுகளில் சிறந்த குழந்தை நட்சத்திர விருது கிடைத்தது. கிடைத்தது சரி. சினிமாக் குழந்தைகளின் மழலை இவனிடம் இல்லை. தன்னைத் தானே பார்த்துக்கொண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு வரும் அதட்டல், கணக்கு, சட்டென்று முறிக்கிற பேச்சு எல்லாம் இருக்கின்றன. அந்த அதட்டலுக்குள் ஒரு பயம் ஒளிந்திருப்பதைப் பையன் கண்ணைத் திருப்பிக்கொள்கிற விதத்தில் காட்டிவிடுகிறான். யார் யாரைக் கூட்டிப்போகிறார்கள் என்று சொல்ல முடியாதபடி இருவரும் நடக்கிறார்கள். பழைய காதலி வள்ளியைத் தேடிப் போகிற பகுதியில் இயக்குநர் காட்டியிருக்கும் பக்குவத்தைப் பார்த்துத்தான் உணர வேண்டும். எழுதினால் கசங்கிவிடும்.

ஒரு குறை உண்டு. வீட்டுப் பிள்ளைகள் ஓரிரு கோடுகளில் முடிந்துவிடுகிறார்கள். அந்த முடிவுக்கு வருகிற வீடுகளில் வறுமையும் சோர்வும் உண்டு, ராத்திரி தூக்கமில்லாமல் மலமூத்திரம் அள்ளிய கைகளும் உண்டு. அதைக் கொஞ்சம் காட்டியிருந்தால் சிரிப்பு இன்னும் ஆழத்திலிருந்து வந்திருக்கும்.

படம் பார்த்த மறுவாரம் ஊருக்குப் போயிருந்தேன். எதிர்வீட்டுப் பெரியவரின் மகளுக்கே இப்போது எழுபது தாண்டிவிட்டது. "அத்தே, ஒங்க அப்பாவுக்கு என்ன ரொம்பப் பிடிக்கும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாத்தூர் சேவுன்னா அவருக்கு உசுருய்யா. பல்லு போனப்பறமும் தண்ணியில நனைச்சு நனைச்சுத் திம்பாரு."